மலிவு வேறு, உரிமை வேறு

"போட்டி வரட்டும், விலை இறங்கும், விலை இறங்கினால் ஏழைக்கு லாபம்!" முதலாளித்துவப் பொருளாதார நிபுணர்கள் ஓயாமல் ஓதிவரும் மந்திரம் இது. இதிலே உண்மை எவ்வளவு, பசப்பு எவ்வளவு என்று உரைத்துப் பார்க்க, பிரிட்டனிலே நடந்த ஒரு நிகழ்ச்சி நல்ல உரைகல்லாக இருக்கிறது.

2006 அக்டோபரில் அந்நாட்டின் மிகப் பெரிய பலசரக்குக் கடைக் கம்பெனியான டெஸ்கோ ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ரொட்டியும் பாலும் விற்கும் கடைகளிலே, இனி கம்ப்யூட்டர் மென்பொருளும் தன் சொந்தப் பெயரிலேயே விற்கப்படும் என்றது. மென்பொருள் என்றால், இன்ன வேலையை இன்னபடி செய் என்று இயந்திரத்துக்கு இடப்படும் கட்டளைத் தொகுப்பு. கடிதம் எழுத, கணக்குப் போட, வைரஸைத் தடுக்க, போட்டோவைத் திருத்த என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி; விலை 20 பவுனுக்குள்.

அன்று இந்தச் சந்தை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் என்ற ஏகபோகத்தின் பிடியிலே இருந்தது. அதன் ஆஃபீஸ் தொகுப்புக்கு நூற்றுக்கணக்கான பவுன் கொடுக்க வேண்டும். சந்தை ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக, 2004 மார்ச்சில் ஐரோப்பிய கமிஷன் 49 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் விதித்ததும் இந்தக் கம்பெனிக்குத்தான். ஆகவே, "ஏகபோகத்தை எதிர்க்கக் கடைக்காரர் கிளம்பிவிட்டார், ஏழையின் வயிற்றில் பால் வார்த்துவிட்டார்" என்ற குரல் எழுந்ததிலே வியப்பில்லை.

பால் வார்க்க வந்தவர் யார்? 1919இல் கிழக்கு லண்டன் சந்தையிலே ஜாக் கோஹன் போட்ட சிறு கடையாகத் தொடங்கியதுதான் டெஸ்கோ. 2005இல் அதன் ஆண்டு லாபம் 200 கோடி பவுனைத் தாண்டியது. இத்தகைய கடைகள் "சொந்தப் பெயர்ச் சரக்கு" என்று விற்பவற்றைத் தாமே செய்வதில்லை. வேறொருவர் செய்வார், இவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை ஒட்டுவார்கள். மென்பொருளிலும் அதுவே நடந்தது. ஃபார்ம்ஜெட் என்ற கம்பெனியோடு டெஸ்கோ ஒப்பந்தம் செய்துகொண்டது. 'அபிலிட்டி' என்ற பெயரிலே ஏற்கெனவே இருந்த எழுத்து, கணக்குத் தொகுப்பு டெஸ்கோ சட்டை போட்டுக்கொண்டு அலமாரியில் ஏறியது.

சரக்குக் கொடுப்பவர்களிடம் இந்தக் கடை எப்படி நடந்துகொண்டது என்பதற்கும் சாட்சியம் உண்டு. சரக்கு வழங்குவோருக்குத் தரவேண்டிய பணத்தை இழுத்தடித்து, நடத்தை விதிகளை டெஸ்கோ கடுமையாக மீறியது என்று 2016 ஜனவரியில் பிரிட்டனின் பலசரக்கு நடுவர் தீர்ப்பளித்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் இந்த மலிவு விலைக் கருணை!

இனி அந்த 20 பவுனைக் கவனிப்போம். ஆயிரம் பேருக்குச் சோறு போட ஆயிரம் பேருக்கான அரிசி வேண்டும். மென்பொருள் அப்படியல்ல. ஒருமுறை எழுதி முடித்துவிட்டால், ஆயிரமாவது பிரதிக்கு ஆகும் செலவு ஒரு தட்டும் ஓர் அட்டைப் பெட்டியும்தான். நூற்றுக்கணக்கில் விற்றவன் அடித்தது பெருங்கொள்ளை என்றால், இருபதுக்கு விற்றவனும் தர்மம் செய்துவிடவில்லை.

இன்னும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. பணம் கொடுத்தவன் கைக்கு வந்தது என்ன? மண்வெட்டி வாங்கினால் மண்வெட்டி நமக்குச் சொந்தம். பிடியை மாற்றலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் தரலாம். கடையிலே வாங்கிய மென்பொருளோ வெறும் அனுமதிச் சீட்டு. பயன்படுத்து, ஆனால் நகல் எடுத்து நண்பனுக்குத் தராதே, உள்ளே திறந்து பார்க்காதே, திருத்தாதே! மைக்ரோசாஃப்ட் பெட்டியிலும் இதே விலங்குதான், டெஸ்கோ பெட்டியிலும் இதே விலங்குதான். ஒன்று விலையுயர்ந்த விலங்கு, மற்றது மலிவு விலங்கு. அவ்வளவே வேறுபாடு.

விலங்கில்லாத வழி அன்று இல்லையா? இருந்தது! அமெரிக்காவிலே எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அச்சு இயந்திரத்தின் மென்பொருளைச் சீர்செய்ய அதன் மூலநிரலைக் கேட்டார். மூலநிரல் என்பது புரோகிராமர் எழுதிய அசல் எழுத்து. அது இல்லாமல் பழுது பார்க்க முடியாது. தர முடியாது என்றார்கள். சமூகத்தின் அறிவைப் பெட்டியிலே பூட்டுவது அநீதி என்ற முடிவுக்கு வந்த அவர், 1983இல் ஜிஎன்யூ என்ற இயக்கத்தை அறிவித்தார். யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற நான்கு உரிமைகளே அதன் கொள்கை. 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அதற்குத் துணை சேர்ந்தது. ஜெர்மனியிலே பிறந்த ஸ்டார் ஆஃபீஸை சன் கம்பெனி 1999இல் வாங்கி, 2000இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. அதுவே ஓப்பன் ஆஃபீஸ். டெஸ்கோ 20 பவுன் கேட்ட அதே நாளிலே, அதே கடிதத்தை எழுத, அதே கணக்கைப் போட, ஓப்பன் ஆஃபீஸ் காசில்லாமல் கிடைத்தது.

இரண்டின் கதியையும் பாருங்கள். டெஸ்கோ அலமாரியிலே இன்று அந்தப் பெட்டிகள் இல்லை. வியாபாரி கைவிட்டால் சரக்குக்கு நாதியில்லை. ஓப்பன் ஆஃபீஸுக்கும் சோதனை வந்தது. 2010இல் சன் கம்பெனியை ஆரக்கிள் என்ற பகாசுரக் கம்பெனி விழுங்கிவிட்டது. ஆனால், மூலநிரல் பொதுவிலே இருந்தது. அதை எழுதிவந்தவர்களில் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் வெளியேறி, லிப்ரே ஆஃபீஸ் என்ற பெயரிலே அதை வளர்க்கத் தொடங்கினார்கள். முதலாளி மாறினான்; சொத்து மக்களிடமே நின்றது! ஊர்ப் பொதுக்குளத்துக்கும் தனியார் கிணற்றுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அப்படியானால், இலவசமாகக் கிடைப்பதை விட்டு 20 பவுன் கொடுக்க மக்கள் என்ன முட்டாள்களா? இல்லை! 2006இல் பிரிட்டனிலே 100 வீடுகளுக்கு 57 வீடுகளில்தான் இணைய வசதி இருந்தது. மற்ற 43 வீட்டாருக்கு அந்தப் பொதுச்சொத்து எட்டாக் கனி. ரொட்டி வாங்கப் போகும் கடையோ தெருமுனையிலேயே இருக்கிறது. கோளாறு என்றால் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். உரிமைப் பொருளுக்கு விளம்பரமும் இல்லை, விற்பனையாளரும் இல்லை. முதலாளியின் பலம் சரக்கின் தரத்திலே மட்டும் இல்லை. அதை வீட்டு வாசல் வரை கொண்டு சேர்க்கும் அமைப்பிலே இருக்கிறது. இதை நாம் மறந்துவிடலாகாது.

"இலவசம் என்றால், புரோகிராமர் என்னும் உழைப்பாளியின் வயிற்றில் அடிப்பதாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தொழிலாளி பக்கம் நிற்பவன் பதில் சொல்லவேண்டிய கேள்விதான் இது. கம்பெனியிலே மென்பொருள் எழுதுபவருக்குக் கிடைப்பது மாதச் சம்பளம். பெட்டி லட்சக்கணக்கில் விற்றாலும் விற்பனைப் பணம் உரிமையாளருக்கே போகிறது. லினக்ஸை எழுதுவோரில் பெரும்பாலோரும் இன்று சம்பளம் வாங்கி எழுதுபவர்களே. லினக்ஸைச் சுற்றிப் பராமரிப்புத் தொழில் நடத்திய ரெட் ஹாட் கம்பெனியை, 2019இல் 3,400 கோடி டாலருக்கு ஐபிஎம் வாங்கியது. மூலநிரல் பொதுவாக இருந்தால் கூலி அழியாது. பூட்டிவைத்து வாடகை பிடுங்கும் வழிதான் அடைபடும்.

வீட்டுக்கு வீடு கொண்டு சேர்க்கும் பலம் அரசுக்கு உண்டு. 2014 ஜூலையில் பிரிட்டிஷ் அரசே, தன் ஆவணங்களைப் பகிர்ந்து திருத்தத் திறந்த கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. ஜெர்மனியிலே மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியது. ஆனால், தலைமை மாறியது, மனம் மாறியது. 2017இல் விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் தீர்மானித்தது. தொழில்நுட்பம் மட்டும் போதாது, தொடர்ந்து தாங்கும் அரசியல் உறுதி வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம். அந்தப் பாடத்துக்குப் பிறகும், அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, சுமார் 30,000 கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆஃபீஸுக்கு மாற்றப்போவதாக 2024 ஏப்ரலில் அறிவித்தது. போர் முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இது பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதி, விண்டோஸ் 10க்கு வழக்கமாகத் தந்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய இயந்திரங்கள் பல, புதிய விண்டோஸ் 11க்குத் தகுதியற்றவை என்று தள்ளப்பட்டன. ஆஃபீஸ் தொகுப்பையும் மாதச் சந்தாவாகவே விற்க முனைகிறது கம்பெனி. அன்று ஒரு முறை விலை. இன்று தீராத வாடகை. இயந்திரம் நம்முடையது, சாவி அவனுடையது! அந்தப் பழைய இயந்திரங்களில் எத்தனையோ லினக்ஸிலே இன்றும் ஓடும்.

விலை குறைந்ததும் கைதட்டி மகிழ்வது வாடிக்கையாளன் குணம். உரிமை யாரிடம் இருக்கிறது என்று கேட்பதே தொழிலாளி வர்க்கத்தின் குணம். இரண்டு வியாபாரிகள் சண்டையிலே எந்த வியாபாரி பக்கம் நிற்பது என்பது நம் கேள்வியல்ல.

தோழர்களே, லிப்ரே ஆஃபீஸ் தமிழிலும் இருக்கிறது. சங்க அலுவலகத்துக் கம்ப்யூட்டரிலே அதை ஏற்றுங்கள். துண்டறிக்கையையும் சந்தாக் கணக்கையும் அதிலே எழுதுங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். தூக்கிப்போட இருக்கும் பழைய இயந்திரத்துக்கு லினக்ஸால் உயிர்கொடுத்து, படிப்பகத்திலே பிள்ளைகளுக்குத் திறந்துவையுங்கள். மக்கள் பணத்திலே வாங்கும் மென்பொருளின் மூலநிரல் மக்களுக்கே உரியது என்ற கோரிக்கையை மாநாட்டுத் தீர்மானங்களிலே சேருங்கள். டெஸ்கோவுக்கு அலமாரி இருந்தது. நமக்கு அமைப்பு இருக்கிறது. அது போதும்!