கடல் வற்றும் நிலம் யாருக்குச் சொந்தம்?

குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் கடல் நாள்தோறும் இருமுறை பின்வாங்குகிறது. அப்போது முந்த்ரா கரையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேற்றுநிலம் வெளிப்படுகிறது. அந்தச் சேற்றில் கால் புதைய நடந்து செல்வோர் காற்று வாங்கச் செல்பவர்கள் அல்லர். கம்பு நட்டு வலை கட்டி, ஓதம் ஏறும்போது வந்து வற்றும்போது சிக்கிய மீனை எடுத்து வரும் உழைப்பாளிகள் அவர்கள். ‘பகடியா’ என்பது அவர்களைக் குறிக்கும் சொல். காலால் நடந்து மீன் பிடிப்பவர் என்று பொருள். படகில்லை, இயந்திரமில்லை. ஓதத்தின் கணக்கும் சேற்றின் இயல்பும் தலைமுறைகளாக அறிந்த அறிவே அவர்களுடைய உற்பத்திக் கருவி.

மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு கரைக்கு வந்து குடிசை போட்டு, ஆண்டின் பெரும்பகுதியை அங்கேயே கழிப்பது இவர்களுடைய வழக்கம். இந்தப் பருவகாலக் குடியிருப்புகள் ‘பந்தர்’ எனப்படுகின்றன. பிடித்த மீனை அங்கேயே உலர்த்தி விற்கிறார்கள். ஆனால் அந்த நிலத்துக்கு அவர்கள் கையில் பட்டா இல்லை. பட்டா இல்லாத நிலத்தை அரசு தரிசு என்று எழுதுகிறது. தரிசு என்று எழுதப்பட்டதை மூலதனம் எளிதாக எடுத்துக்கொள்கிறது.

முந்த்ராவில் நடந்தது இதுதான். துறைமுகமும் சிறப்புப் பொருளாதார மண்டலமும் வந்தன. அவற்றையடுத்து, டாடா குழுமத்தின் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்தது. அதற்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2008இல் 45 கோடி டாலர் கடன் வழங்க ஒப்புக்கொண்டது. நீராவியைக் குளிர்விக்கக் கடல்நீரை எடுத்துச் சூடாகவே திருப்பி விடும் முறையால் கரையோர மீன்வளம் குறைந்தது என்றும், நிலக்கரித் தூசு உலர வைத்த மீனின் மீது படிகிறது என்றும், கால்வாய்கள் பந்தருக்குச் செல்லும் வழியை மறித்தன என்றும் மீனவர்கள் முறையிட்டனர். நிதிக் கழகத்தின் உள் தணிக்கை அமைப்பே இம்முறையீட்டை ஆராய்ந்தது. பருவகாலத்தில் கரையில் வாழும் மீனவர்கள் மீதான பாதிப்பை மதிப்பிடுவதில் கழகம் போதிய கவனம் செலுத்தவில்லை என்று 2013இல் அது குறிப்பிட்டது. அதன்பிறகும் கடன் கொடுத்தவர்கள் இழப்பீடு தர முன்வரவில்லை.

எனவே மீனவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினார்கள். சர்வதேச நிறுவனங்களுக்கு 1945ஆம் ஆண்டுச் சட்டம் முழுமையான விலக்குரிமை அளிக்கிறது என்பது கழகத்தின் நிலைப்பாடு. தன்மீது வழக்கே தொடர முடியாது என்று கழகம் வாதிட்டது. 2019 பிப்ரவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 7-1 என்ற பெரும்பான்மையில் அந்த வாதத்தை நிராகரித்தது. படகு கூட இல்லாத மனிதர்கள் உலக நிதிமூலதனத்தின் ஒரு கோட்டைச் சுவரில் ஓட்டை போட்டார்கள். இது சிறிய சாதனை அல்ல.

ஆனால் ஓட்டை வழியே நுழைய விடவில்லை. வழக்கின் சாரமான நடவடிக்கைகள் இந்தியாவில் நிகழ்ந்தவை என்று கூறிக் கீழமை நீதிமன்றம் 2020இல் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கடன் முடிவு வாஷிங்டனில் எடுக்கப்படும். பாதிப்பு முந்த்ராவில் விழும். பொறுப்பு மட்டும் எங்கும் நிற்காது. மூலதனத்துக்கு எல்லைகள் இல்லை, அதன் பொறுப்புக்கோ எல்லை உண்டு.

வளர்ச்சிக்கு மின்சாரம் வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டும்தான். ஆனால் அதன் விலையை யார் தருவது என்பதே கேள்வி. சூடான நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் மூடிய குளிர்விப்பு முறை தொழில்நுட்பத்துக்குப் புதிதல்ல, செலவுதான் கூடுதல். நிறுவனம் மிச்சப்படுத்தும் அந்தச் செலவு மீனவரின் வலையிலிருந்து கழிக்கப்படுகிறது.

இவர்களைக் காக்க வேண்டிய சட்டமோ தளர்ந்துகொண்டே போகிறது. ஓதம் ஏறி இறங்கும் நிலப்பகுதியைக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991 முதல் உயர் பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. எனினும் துறைமுகம் போன்ற திட்டங்களுக்கு அதிலேயே விதிவிலக்கு உண்டு. மோடி அரசின் 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் அடர்த்தி மிகுந்த கிராமக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது.

காட்டில் வாழ்வோர்க்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் உண்டு. மீன் உள்ளிட்ட நீர்நிலை வளங்களின் மீதான சமூக உரிமையையும் அது ஏற்கிறது. நெடிய போராட்டத்தின் விளைவு அது. கடற்கரை மக்களுக்கு அத்தகைய சட்டம் இன்னும் இல்லை. படகில்லா மீனவரையும் மீனவராகப் பதிவு செய்தல், பந்தர்களுக்கு நில உரிமை, சேற்றுநிலத்தின் மீது சமூக உரிமை, மீனவ கிராமங்களின் ஒப்புதலின்றித் திட்டமில்லை என்ற விதி ஆகிய நான்கையும் உள்ளடக்கிய கடற்கரை உரிமைச் சட்டம் தேவை. விவசாயிகளும் தொழிலாளர்களும் இதைத் தங்கள் கோரிக்கையாகவும் ஏற்கும்போதுதான் அது கைகூடும். வேறொரு நாட்டின் நீதிமன்றப் படியில் மீனவர்களைத் தனியே நிற்க விட்டது போதும்.