ஜோசியரும் பாரிஸ்டரும்

எங்கள் மாவட்ட நீதிமன்ற வராண்டாவில் விபத்து வழக்கு வக்கீல்கள் பேசிக்கொள்வது வாய்ப்பாடு ஒப்பிப்பது போலவே இருக்கும். "இறந்தவருக்கு வயசு என்னய்யா?" "முப்பத்தெட்டு சார்." "அப்ப பதினஞ்சு போடு." குமாஸ்தா போட்டுக்கொள்வார். ஒரு குடும்பம் இழந்த வருமானத்தை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்ற கேள்வி அரை நிமிஷத்தில் முடிந்தது. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பட்டியல் அது.

ஆண்டு வருமானத்தை ஓர் எண்ணால் பெருக்கும் இந்த முறைக்குப் பிறந்த வீடு இங்கிலாந்து. அங்கே உள்ள அட்டவணைக்கு ஒரு பாரிஸ்டரின் பெயரையே வைத்துவிட்டார்கள்: ஆக்டன் டேபிள்ஸ். சர் மைக்கேல் ஆக்டன், குயின்ஸ் கவுன்சல். குற்றச்செயல்களில் காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் அரசு வாரியத்துக்குப் பல ஆண்டு தலைவராக இருந்தவர். மூத்த வக்கீல் என்றாலே குறுக்கு விசாரணையில் சாட்சியைத் திணறடித்த கதைகளைத்தான் நாம் சொல்லிச் சொல்லி மகிழ்வோம். இவர் பெயர் நின்றது பக்கம் பக்கமாக எண்கள் அடித்த ஒரு சின்னப் புத்தகத்தால்.

அதற்கு முன் அங்கே நீதிபதியின் அனுபவம்தான் அளவுகோல். பழைய தீர்ப்புகளைப் புரட்டி 12 என்பார், 14 என்பார். எவ்வளவு சின்ன வயசானாலும் 18-ஐத் தாண்டுவது அபூர்வம். ஆயுளையும் வட்டியையும் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட ஆக்சுவரிகள் வந்து சொன்னாலும் கேட்க ஆளில்லை. ஆக்டன் தலைமையில் வக்கீல்களும் ஆக்சுவரிகளும் கூடி உட்கார்ந்து அட்டவணை போட்டார்கள். 1984-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஒரு நிலக்கரிச் சுரங்க வழக்கில் மேல்முறையீட்டு நீதிபதி ஆலிவர் போட்டாரே ஒரு போடு: ஆக்சுவரி சொல்வது ஜோசியர் சொல்வதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் பலிக்கும், சுவாரசியமோ அதைவிடக் குறைவு என்று! நம்மூர் ஜோசியர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

சுவாரசியம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். படுத்த படுக்கையான ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு செலவில் 20 ஆண்டுக்கு உதவியாள் வேண்டும். மொத்தம் 2,00,000 என்று கொடுத்துவிட முடியாது. பணம் இன்றே கைக்கு வருகிறது, வட்டி ஈட்டும். விலைவாசியும் சும்மா இருக்காது. விலைவாசி உயர்வு போக வட்டி எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கழிவு விகிதம். அதை 2.5 சதவீதம் என்று வைத்தால் சுமார் 1,58,000 பவுண்டு போதும். வழக்கு முழுக்க அந்த ஓர் எண்ணில் தொங்குகிறது.

1998-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, காயம்பட்டவரைப் பங்குச் சந்தையில் சூதாடச் சொல்ல முடியாது, விலைவாசியோடு இணைந்த அரசுப் பத்திரத்தில் போடுகிறார் என்றே கொள்ள வேண்டும் என்று சொல்லி, அதுவரை நாலு, நாலரை என்றிருந்ததை 3 ஆக்கியது. 2001-இல் அரசு 2.5 என்றது. பிறகு 16 ஆண்டு யாரும் அதைத் தொடவில்லை. பத்திர வருமானம் மட்டும் கரைந்துகொண்டே போனது. 2017-இல் லிஸ் டிரஸ் (ஆமாம், பின்னாளில் ஏழே வாரம் பிரதமராக இருந்தவர்தான்) லார்ட் சான்சலராக, அதாவது நீதி அமைச்சராக இருந்தபோது கழிவு விகிதத்தை மைனஸ் 0.75 ஆக்கினார். பத்திரத்தில் போட்டால் விலைவாசிக்கு ஈடுகொடுக்காமல் பணம் தேயும் என்று அரசே ஒப்புக்கொண்டது போல. நம் ஆளுக்கு அதே 20 ஆண்டு உதவியாள் செலவு ஒரே நாளில் சுமார் 2,16,000 ஆகிவிட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் பங்கு சரிந்தது, பிரீமியம் ஏறும் என்று கூக்குரல். ஒரு வழக்கில் காயம்பட்டவருக்கும் அடுத்த வழக்கில் கம்பெனிக்கும் வாதாடும் பாரிஸ்டர்கள் அந்த வாரம் எந்தப் பக்கம் முகம் வைத்துக்கொண்டார்களோ!

எனக்கு அட்டவணைதான் பிடிக்கும். அனுபவத்தின் பேரால் போடும் உத்தேசம் எப்போதும் குறைத்துப் போடுவதாகவே இருக்கிறது. ஆனால் அட்டவணையைப் புதுப்பிக்க ஆள் வேண்டும். இங்கிலாந்தில் 2019-இல் மைனஸ் 0.25, 2025 ஜனவரி முதல் 0.5. நம் ஆளுக்கு இப்போது சுமார் 1,90,000.

இங்கே வங்கி வட்டி ஏறுகிறது, இறங்குகிறது. முப்பத்தெட்டுக்குப் பதினைந்துதான். குமாஸ்தாவுக்கு மனப்பாடம்.