அவள் கூலி அவளுடையது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா சென்ற நார்வேப் பெண்களைப் பற்றிக் கடந்த இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாதிப் பேர் அமெரிக்கச் சிப்பாய்களின் கையைப் பிடித்துக்கொண்டு போனவர்களாம். சிலர் ஜெர்மானியரோடு பழகிய அவமானம் தாங்காமல் ஓடியவர்களாம். மற்றவர்களை நைலான் காலுறையும் உதட்டுச் சாயமும் இழுத்தனவாம். நாட்டைக் கட்டியெழுப்ப வேண்டிய நேரத்தில் அதைக் கைவிட்டவர்கள் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார் கட்டுரையாளர். மூன்று காரணங்களும் தவறு. தீர்ப்போ அநியாயம்.

சிப்பாய்க் கதையை முதலில் பார்ப்போம். இங்கிலாந்தில் அமெரிக்கப் படை ஆண்டுக்கணக்கில் முகாமிட்டிருந்தது. அங்கிருந்து மணப்பெண்கள் கப்பல் கப்பலாகப் போனது உண்மை. நார்வேயோ 1940 ஏப்ரல் முதல் 1945 மே வரை ஜெர்மனியின் பிடியில் கிடந்தது. நார்வே வம்சாவளியினரைக் கொண்ட அமெரிக்காவின் 99ஆவது காலாட்படைப் பட்டாலியன் அங்கே வந்ததே 1945 ஜூனில்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் திரும்பியும் விட்டது. அந்தச் சில மாதங்களின் கல்யாணங்களா இருபது ஆண்டுக் குடியேற்றத்தை விளக்கும்?

அவமானக் கதை இன்னும் மோசம். ஜெர்மானியரோடு பழகிய பெண்களின் தலையை மழித்தார்கள், முகாம்களில் அடைத்தார்கள். ஜெர்மன் சிப்பாயை மணந்தவர்களின் குடியுரிமையைப் பறித்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவுக்கு அல்ல. அந்தக் கொடுமைக்காக 2018இல் அன்றைய பிரதமர் எர்னா சோல்பர்க் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அரசே தலைகுனிந்த பிறகும் அதே பழியை எடுத்து, அதற்குத் தொடர்பே இல்லாத பெண்கள் மீதும் பூசுகிறார் கட்டுரையாளர்.

அமெரிக்கா சென்ற அந்தப் பெண்கள் யார்? பலர் நார்வேயின் தென்கோடியிலுள்ள ஆக்டர் வட்டாரத்தவர். லிஸ்டா, க்வினெஸ்டால் போன்ற ஊர்களின் பெண்கள். அப்பாவும் மாமாவும் நியூயார்க்கின் புரூக்ளினில் தச்சு வேலை பார்த்த குடும்பங்கள் அங்கே ஏராளம். சிலர் அமெரிக்காவிலேயே பிறந்து, 1930களின் பொருளாதார மந்தத்தில் பெற்றோரோடு ஊர் திரும்பியவர்கள். அங்கே பிறக்காத மற்றவர்களுக்கு வழி குறுகல். நார்வே முழுவதற்கும் அமெரிக்கா அனுமதித்தது ஆண்டுக்கு 2,377 பேர். 1952 குடியேற்றச் சட்டத்தில் அது 2,364 ஆனது. பொறுப்பேற்க உறவினர் வேண்டும், விசாவுக்குக் காத்திருக்க வேண்டும். உதட்டுச் சாயத்துக்காக இவ்வளவு பாடுபட்டார்களா?

போய் இறங்கியதும் பலர் செய்தது வீட்டு வேலை. மன்ஹாட்டன் செல்வர்களின் வீட்டில் சமைத்தார்கள், துடைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். கையில் வந்த டாலரில் ஊருக்குத் துணிப் பொட்டலங்களும் போயின. இவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி கண்டு, அவர்களுடைய உடைகளைப் பற்றியே ஆய்வு செய்தவர் சிவ் ரிங்டால். உடை பற்றிய பேச்சு இழிவானது என்று நினைக்கிற கட்டுரையாளர் அந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

'நாட்டைக் கைவிட்டவர்கள்' என்ற பழிக்கு வருகிறேன். காபியும் சர்க்கரையும் 1952 வரை பங்கீட்டில் இருந்த நாடு அது. மணமான பெண் வேலைக்குப் போனால் அவள் சம்பளத்தைக் கணவன் வருமானத்தோடு சேர்த்து 1959 வரை வரி போட்ட நாடு. 1960இலும் மணமான பெண்களில் பத்தில் ஒருவர்கூடக் கூலி வேலையில் இல்லை. இல்லத்தரசியாக இரு என்று சொன்ன நாடு, சொந்தக் காசு தேடிப் போனவளைத் துரோகி என்று எந்த வாயால் சொல்லும்?

அதே ஆண்டுகளில், அதே ஊர்களிலிருந்து, அதே புரூக்ளினுக்குப் போன தச்சர்களை இந்தக் கட்டுரை 'உழைப்பாளிகள்' என்கிறது. ஆண் கப்பலேறினால் பிழைப்பு, பெண் ஏறினால் மோகமா? பிறர் வீட்டுத் தரையை மண்டியிட்டுத் துடைத்துச் சம்பாதித்த பணத்தில் ஒருத்தி குதிகால் உயர்ந்த செருப்பு வாங்கினாள். அந்தச் செருப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய கட்டுரையாளர், அவள் கூலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.