சங்கிலியை அவிழ்த்து விடுங்க பாஸ்!

'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு தொங்குற வீட்டுக்குள்ள எட்டிப் பார்த்திருக்கீங்களா? கேட் ஓரமா ரெண்டு முழச் சங்கிலியில ஒரு ஜீவன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். பத்தடி தள்ளி ஜம்முனு ஒரு தோட்டம் இருக்கும். 'ஏன் சார், கொஞ்ச நேரம் அவிழ்த்து விடலாமே?'னு கேட்டா, 'செடியை எல்லாம் பிடுங்கிப் போட்டுடும் தம்பி'னு பதில் வரும்.

ஆக, தோட்டமா நாயானு போட்டி வெச்சா, நாய்தான் அவுட்! இத்தனைக்கும் 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவுலயே இது இருக்கு. ரொம்பக் குட்டையான சங்கிலியில ரொம்ப நேரம் கட்டிப் போடறதும் குற்றம். எப்பவும் கட்டியே வெச்சிருக்கற நாயை நடக்க, ஓட விடாம இருக்கறதும் குற்றம்.

சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். தோட்டத்தைக் கொஞ்சம் மாத்திப் போட்டா செடியும் பிழைக்கும், நாயும் பிழைக்கும். எப்படினு இரும்பை ஊர்லேர்ந்து ஆரம்பிப்போம்.

இரும்பை ஃபார்முலா

திண்டிவனம் - புதுச்சேரி ரோட்டுக்குப் பக்கத்துல, ஆரோவில்லை ஒட்டின ஊர் இரும்பை. ஞானசம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கு. கடுவெளிச் சித்தர் கோபத்துல சாபம் விட்டார், லிங்கம் மூணாப் பிளந்துச்சு, சுத்துவட்டாரமே பொட்டலாப் போச்சு... இது ஊர்ல சொல்ற கதை. தூர தேசத்து ஆளுங்க வந்து பச்சையாக்கினா சாபம் தீரும்னும் சொல்வாங்க.

கதை இருக்கட்டும். 1968 பிப்ரவரி 28-ல ஆரோவில் தொடங்கினப்போ அந்தப் பக்கம் நிஜமாவே செம்மண் பொட்டல்தான். மழை பெய்தா மண்ணையும் அரிச்சுக்கிட்டு கடலுக்கு ஓடிடும். அங்கே வந்தவங்க முதல்ல கரை போட்டு மழைத் தண்ணியை நிறுத்தினாங்க. வேகமா வளர்ற ஆஸ்திரேலிய அகேசியா மரத்தை நட்டு நிழல் உண்டாக்கினாங்க. அந்த நிழல்ல நம்மூர் மரங்களை வளர்த்தாங்க. தண்ணி, நிழல், அப்புறம்தான் அழகு! நாய்க்குத் தோட்டம் போடவும் இதே ஆர்டர்தான்.

நிழலும் தண்ணியும்

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும்தான் வேர்வை. மத்த சூட்டையெல்லாம் மூச்சிரைச்சுத்தான் வெளியே தள்ளணும். சித்திரை வெயில்ல சிமென்ட் தரையில கட்டிப் போட்டா உயிருக்கே ஆபத்து. டெஸ்ட் ஈஸி: புறங்கையைத் தரையில வெச்சு ஏழு செகண்ட் எண்ணுங்க. உங்களால தாங்க முடியலையா? அதாலயும் முடியாது.

வேப்பங்கன்று வெச்சு மரமாகறதுக்குள்ள நீங்க டிகிரி முடிச்சிடுவீங்க. அதுவரைக்கும் ஒரு பந்தல் போட்டு அவரை, புடலை ஏத்துங்க. பக்கத்துல வாழை வைங்க. முருங்கை சீக்கிரம் நிழல் தரும்தான். ஆனா கம்பளிப்பூச்சி சீசன்ல அதுக்குக் கீழே நாய் படுத்தா வாயும் மூக்கும் வீங்கிடும். தண்ணித் தொட்டியை நிழல்ல வெச்சு, தினமும் கொட்டிட்டுப் புதுசா ஊத்துங்க. கொசு கடிச்சுப் பரவுற இதயப்புழு நாய்க்கும் வரும்.

ரோடு போட்டுக் கொடுங்க

அவிழ்த்து விட்ட நாய் முதல்ல என்ன பண்ணும்? காம்பவுண்டு ஓரமா ரோந்து போகும். அது அதோட டியூட்டி. அந்த ஓரத்துலயே ரோஜா வெச்சுட்டு 'மிதிச்சிடுச்சு'னு திட்டினா என்ன நியாயம்? சுவரை ஒட்டி ரெண்டடி சும்மா விடுங்க. செடியெல்லாம் அதுக்கு உள்பக்கம்.

அடுத்தது, தோண்டற வேலை. தோண்டாதேனு நாய்கிட்ட சொல்றது, கடைசி பெஞ்ச்காரங்ககிட்ட பேசாதேனு சொல்ற மாதிரி! நிழல்ல ஒரு மூலையில நாலடிக்கு நாலடி மணல் கொட்டுங்க. அதுக்குப் பிடிச்ச பந்தை அதுல புதைச்சு வைங்க. தோண்டினா சபாஷ் சொல்லுங்க. மெல்ல மெல்ல மத்த இடத்தை விட்டுடும்.

வில்லன்கள் லிஸ்ட்

இதுதான் முக்கியமான மேட்டர். சில செடிகள் நாய் உயிரையே எடுத்துடும்.

அரளி, செவ்வரளி, மஞ்சள் அரளி - எல்லாமே இதயத்தைத் தாக்கும். பூஜைக்கு வேணும்னு பாட்டி அடம்பிடிச்சா, நாய் போக முடியாத பக்கம் வேலி கட்டி வைங்க. செங்காந்தள் நம்ம மாநிலப் பூதான். ஆனா மண்ணுக்குள்ள இருக்கற கிழங்கு கடும் விஷம். தோண்டற நாய்க்கு அதுதான் முதல்ல கிடைக்கும். குட்டைப் பனை மாதிரி அழகுக்கு வைக்கிற சைக்கஸ், கல்லீரலைக் காலி பண்ணிடும். அதுக்குப் பதிலா அரேக்கா பாம் வெச்சா பயமில்லை. ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு மூணையும் பிடுங்கிடுங்க. திராட்சைப் பந்தலும் வேண்டாம். பழம் நாயோட கிட்னியைக் கெடுக்கும்.

மல்லி, முல்லை, ரோஜா, வெட்டிவேர், அருகம்புல் - தாராளமா வைக்கலாம்.

செடியை விட உரம் மோசம். ஆமணக்குப் புண்ணாக்கு வாசனைக்கு நாய் ஓடி வரும். அதுல ஆமணக்கு விதையோட விஷம் இருக்கலாம். எலும்புத் தூளோட கலந்து போட்டா கேட்கவே வேணாம், விருந்துனே நினைச்சிடும். எலி மருந்தைத் தோட்டத்துப் பக்கமே கொண்டு போகாதீங்க. மாம்பழ சீசன்ல கீழே கிடக்கற கொட்டையைப் பொறுக்கிடுங்க. முழுங்கினா குடல் அடைச்சுக்கும். வானூர் பக்கம் முந்திரித் தோப்பு அதிகம். பச்சை முந்திரிக்கொட்டைத் தோல்ல இருக்கற எண்ணெய் வாயைப் பொசுக்கிடும்.

எதையாவது தின்னுட்டு வாந்தி, தள்ளாட்டம்னா உப்புத் தண்ணி ஊத்தற கை வைத்தியம் வேண்டாம். தின்ன செடியில ஒரு கிளையை, இல்லைனா உரப் பையையே எடுத்துக்கிட்டு கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்க. என்ன விஷம்னு தெரிஞ்சா டாக்டருக்கு வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

அவிழ்க்கறதுக்கு முன்னாடி

புல்லைக் குட்டையா வெட்டி, சருகுக் குவியலை அகற்றுங்க. உண்ணியும் குறையும், விரியன் ஒளியவும் இடம் இருக்காது. அந்த வீட்டுல முன்னாடி ஏதாவது குட்டி பார்வோ நோய்ல செத்திருந்தா கவனம்! அந்தக் கிருமி மண்ணுல மாசக் கணக்குல உயிரோட இருக்கும். புதுக் குட்டிக்குத் தடுப்பூசி எல்லாம் முடிச்சுட்டுத்தான் மண்ணுல விடணும்.

கேட் தாழ்ப்பாள், வேலி ஓட்டை செக் பண்ணியாச்சா? முதல் நாள் சாயங்காலம் பத்து நிமிஷம், நீங்க கூடவே நின்னு விடுங்க. அடுத்த நாள் இருபது நிமிஷம். ரெண்டு செடி போகும், போகட்டும். நாலஞ்சு வருஷமா சங்கிலி நீளத்துக்கு மட்டுமே நடந்த ஜீவன் முதல் தடவை சுவத்து ஓரம் முழுசா ஓடிட்டு உங்ககிட்ட திரும்பி வரும். அப்போ வீட்டுல இருக்கறவங்களையும் கூப்பிட்டுக் காட்டுங்க. அதுக்கப்புறம் 'செடி போச்சே'னு யாரும் கேட்க மாட்டாங்க.

சரி பாஸ், அடுத்த வாரம் பார்ப்போம்!