"இறைச்சி எங்கே?"

காசுக்காக எழுதப்பட்ட ஒரு விளம்பர வாசகம், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தற் களத்திலே அரசியல் வாதமாக நின்றது என்றால் நம்பாதாரும் உளர். 1984ஆம் ஆண்டில் நடந்தது அதுவே.

அவ்வாண்டின் தொடக்கத்தில் வெண்டீஸ் என்னும் உணவுக் கம்பனி, தன் போட்டிக் கம்பனிகளைக் கேலி செய்து தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. மூன்று மூதாட்டிகளின் முன்னே மிகப் பெரிய பணிஸ் ஒன்று. இருவர் அதன் பருமனைப் புகழ்கின்றனர். மேல்மூடியை எடுத்தாலோ, உள்ளே சின்னஞ்சிறு இறைச்சித் துண்டு! 81 வயதினரான கிளாரா பெலர் அம்மையார் "இறைச்சி எங்கே?" என்று கரகரத்த குரலில் அதட்டுகிறார். (மரக்கறி உண்ணும் அன்பர்கள் உழுந்தில்லா வடை என்று கொள்க.)

ஆங்கிலத்தில் அது மூன்றே சொல். கம்பனியின் பெயர் அதில் இல்லை. ஆதலால் வெகு விரைவில் அது பொதுச்சொத்தாயிற்று. பக்கம் பக்கமாய் எழுதிய அறிக்கையில் விடயம் இல்லையா? ஆரவாரமாய் அறிவித்த திட்டத்திற்குப் பணம் ஒதுக்கப்படவில்லையா? "இறைச்சி எங்கே?" என்றனர் மக்கள். இன்றும் அவ்வாறு கேட்பார் உண்டு.

கேள்வி நல்ல கேள்வி என்பதை நாம் மறுக்கவில்லை. அது கேட்கப்பட்ட விதத்திலேதான் நமக்குக் குறை. ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் யார் என்ற போட்டியில் கேரி ஹார்ட் "புதிய எண்ணங்கள்" என்று முழங்கி முன்னேறி வந்தார். மார்ச் 11ஆந் திகதி அத்லாந்தாவில் நிகழ்ந்த விவாதத்தில், முன்னாள் உபஜனாதிபதி வோல்டர் மொண்டேல் அவரைப் பார்த்து அவ்விளம்பர வாசகத்தை வீசினார். சபை சிரித்தது. ஹார்ட்டின் முன்னேற்றத்துக்கு அது ஒரு பேரிடி. ஆனால் ஹார்ட் காட்டியது வெறும் பணிஸ்தானா? தம் கொள்கைகளை விரித்து 1983இலேயே ஒரு நூல் வெளியிட்டவர் அவர். சிரித்தவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டிப் பார்த்திருப்பர்? விடை பெறுவதற்காகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று. வாயடைப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி வேறொன்று.

மொண்டேல் கட்சியின் அபேட்சகரானார். யூலை மாதத்தில், வரி உயரத்தான் போகிறது, றேகன் அதைச் சொல்லமாட்டார், தாம் சொல்லிவிட்டதாகப் பகிரங்கமாய் உரைத்தார். அதாவது, மூடியைத் திறந்து உள்ளிருப்பதைக் காட்டினார். நவம்பரில் 50 மாநிலங்களில் 49 றேகனுக்குப் போயின. மொண்டேலுக்கு மிஞ்சியவை சொந்த மாநிலமாகிய மினசோற்றாவும் தலைநகர் வாஷிங்டனும் மாத்திரமே.