சுருக்கிய கட்டை யாரிடம் கொடுத்துப் பிரிப்பது?

முன்னாட்களில் சங்கத்திற்கு வரும் முக்கியமான தபால், அரக்கு முத்திரையிட்ட உறையில் வந்தது. காரியதரிசி அதைப் பிரித்து, தபால் பதிவேட்டில் வரவு வைத்துக்கொண்டார். தெருவில் போகிற முன்பின் அறியாத ஒருவரை அழைத்து, "இதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்துக் கொண்டுவாரும்" என்று எவரும் கொடுத்ததில்லை. இன்று நம் சங்கங்கள் சிலவற்றில் ஏறக்குறைய அந்தக் காரியமே நடைபெற்று வருகிறது. செய்கிறவர்கள் நேர்மையானவர்கள்தாம், செய்வது இன்னதென்று அறியாமல் செய்கிறார்கள். ஆதலால் இதைப்பற்றி வெளிப்படையாகச் சில சொல்வது நம் கடமை எனக் கருதுகிறோம்.

நாட்டிலுள்ள தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க, 2,516 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டத்திற்கு மத்திய மந்திரிசபை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. பேரேடும் ரொக்கப் புத்தகமும் கணினிக்குள் புகுந்தபோது, அவற்றோடு கூடவே வந்து சேர்ந்தது சுருக்குக் கோப்பு. ஸிப், ரார், செவன்-ஸிப் என்று அதற்குப் பல வகையுண்டு. படிவங்கள், பட்டியல்கள், சுற்றறிக்கைகள் ஆகியவற்றையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி அனுப்ப இது மிகவும் வசதியானது.

இதன் சூட்சுமம் நெசவாள அன்பர்களுக்குப் புதிதன்று. சேலைக் கரையில் ஒரே பூ நூறு முறை வருமானால், நூறு முறையும் தனித்தனியே அட்டை கட்டுவதில்லை. ஒரு பூவுக்குக் கட்டிய ஜக்கார்டு அட்டையையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம். அதுபோலவே, கோப்பில் ஒரே சொற்றொடர் மறுபடியும் வருமிடத்தில் அதை முழுவதும் எழுதாமல், "முன்னே இன்ன இடத்தில் வந்ததே இங்கும் கொள்க" என்று கணினி குறித்துக்கொள்கிறது. ஆபிரகாம் லெம்பெல், ஜேக்கப் ஸிவ் என்னும் இஸ்ரேல் நாட்டு அறிஞர் இருவர் 1977-இல் இம்முறையை வகுத்தனர். அமெரிக்கரான பில் காட்ஸ் 1989-இல் ஸிப் என்னும் அமைப்பை வெளியிட்டார். கட்டைப் பிரித்தால் ஓரெழுத்தும் குறையாமல் மூலம் அப்படியே மீளும்.

இடர்ப்பாடு பிரிப்பதில் இல்லை. பிரிக்கக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. மேலிடத்திலிருந்து ரார் கோப்பு ஒன்று வருகிறது. "இன்று மாலைக்குள் பதில் வேண்டும்" என்று அதனுடன் ஓர் ஆணையும் வருகிறது. சங்கத்துக் கணினி பழையது. கோப்பைத் திறக்க மறுக்கிறது. எழுத்தர் இணையத்தில் தேடுகிறார். "இலவசமாகத் திறந்து தருகிறோம்" என்று பத்துத் தளங்கள் முன்வருகின்றன. கோப்பை அங்கே ஏற்றுகிறார். நொடியில் பிரிந்து வருகிறது. வேலை முடிந்தது என்று நிம்மதி அடைகிறார். ஆனால் அந்தக் கோப்பின் முழுப் பிரதி ஒன்று, எந்த நாட்டிலுள்ளது, யாருக்குச் சொந்தமானது என்று நாம் அறியாத கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அழித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

அந்தக் கட்டுக்குள் இருப்பது என்ன என்பதையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விவசாயியின் சிட்டாவும், வங்கிக் கணக்கு எண்ணும், ஆதார் நகலும் அதில் இருக்கும். ஐந்து சவரனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி 2021-இல் அறிவிக்கப்பட்டபோது எத்தனை பட்டியல்கள் அங்குமிங்கும் சென்றன என்பதை நாம் மறக்கவில்லை. யார் குடும்பத்தில் எத்தனை சவரன் என்று காட்டும் பட்டியல் அயலான் கையில் கிடைப்பது விளையாட்டன்று. நெசவாளர் சங்கத்திற்கோ தீபாவளிக்கென்று வரைந்த புதிய சேலை மாதிரியே முதல். அது விற்பனைக்கு வருமுன் விசைத்தறிக்காரர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தால், கைத்தறிக் குடும்பங்களின் அவ்வாண்டுப் பிழைப்புக்கே கேடு வரும்.

ஆதார் ஆணையம் ஏற்படுத்திய காகிதமற்ற அடையாளச் சான்றைப் பாருங்கள். அதுவும் ஸிப் கோப்பாகவே கிடைக்கிறது. அங்கத்தினர் தாமே தேர்ந்துகொள்ளும் நான்கு இலக்கக் குறியீடுதான் அதன் சாவி. முழு ஆதார் எண்ணையும் கொடாமல் கடைசி நான்கு இலக்கங்களோடு அடையாளத்தை மெய்ப்பிக்கலாம் என்பதே அம்முறையின் சிறப்பு. அக்கோப்பையும் சாவியையும் ஒருசேர முன்பின் அறியாத தளத்தில் இட்டால், பெயர், முகவரி, பிறந்த தேதி, புகைப்படம் யாவற்றையும் தாரைவார்த்ததாகும்.

இது வீண் அச்சமன்று. கோப்புகளை மாற்றித் தரும் இலவசத் தளங்களில் சில, ஏற்றப்படும் கோப்புகளிலிருந்து சொந்த விவரங்களைத் திருடுகின்றன என்றும், கணினிக்குள் தீய நிரல்களைப் புகுத்துகின்றன என்றும் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு நிறுவனம் 2025 மார்ச்சில் எச்சரித்தது. நம் நாட்டிலும் தேசிய தகவலியல் மையம் 2022-இல் மத்திய அரசு ஊழியருக்கு வகுத்த நெறிமுறைகளில், அரசு ஆவணங்களை மாற்றவோ சுருக்கவோ வெளித் தளங்களைப் பயன்படுத்தலாகாது என்று கூறியுள்ளது. அது நம் சங்கங்களை நேரே கட்டுப்படுத்தாவிடினும், அதன் நியாயம் நமக்கும் பொருந்தும்.

இணையத் தளங்கள் யாவும் தீயவை என்று நாம் சொல்லவில்லை. சிவகாசி அச்சகம் ஒன்று அனுப்பும் நாட்காட்டி மாதிரியை அங்கே பிரிப்பதால் பெருநஷ்டம் ஒன்றுமில்லை. சில தளங்கள் கோப்பை வெளியே கொண்டுபோகாமல் நம் கணினிக்குள்ளேயே பிரித்துத் தருவதும் உண்மை. ஆனால் எது எத்தகையது என்று வேலை நெருக்கடியில் ஆராய்ந்துகொண்டிருக்க முடியாது. அங்கத்தினர் பெயர் ஒன்றேனும் உள்ள கோப்பு சங்கத்துக் கணினியை விட்டு வெளியே போகலாகாது என்பதே எளிதில் பின்பற்றக்கூடிய விதி.

இதற்குச் செலவும் இல்லை. ஸிப் கோப்பைத் திறக்கும் வசதி 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி முதலே கணினியில் உண்டு. விண்டோஸ் 11 ரார், செவன்-ஸிப் வகைகளையும் 2023 முதல் திறக்கிறது. பழைய கணினியாயின், இகோர் பாவ்லோவ் 1999-இல் வெளியிட்ட செவன்-ஸிப் என்னும் நிரலை அதற்குரிய தளத்திலிருந்தே இலவசமாகப் பெறலாம். விண்டோஸ் திறக்க மறுக்கும் சில கடவுச்சொல் கோப்புகளையும் அது திறக்கும். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: பிரிக்கும் நிரலையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். வின்ரார் நிரலில் இருந்த ஓட்டையொன்றைப் பயன்படுத்தி, படம்போல் தோன்றிய கோப்பைத் திறந்தவர்களின் கணினியில் தீயோர் புகுந்தது 2023-இல் தெரியவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வந்த புதிய பதிப்பு அதனை அடைத்தது. பழைய பதிப்பையே வைத்திருப்போருக்கு அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது.

குற்றம் முழுவதையும் எழுத்தர் தலையில் சுமத்துவது நீதியன்று. கோப்புகளை அனுப்பும் மேலலுவலர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. எந்தக் கணினியும் திறக்கக்கூடிய ஸிப் வகையிலேயே அனுப்புதல் வேண்டும். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் தெரிவித்தல் வேண்டும். கெடுவையும் ஓரளவு பொறுத்துக் கேட்டல் வேண்டும். அவசரப்படுத்திவிட்டு எச்சரிக்கையை எதிர்பார்ப்பது வீண்.

திருத்தங்கல் அன்பர்களுக்குச் சிலப்பதிகாரம் சொல்லும் தம் ஊர்க் கதை நினைவிருக்கும். தங்கால் ஊரைச் சேர்ந்த வார்த்திகன் குற்றமின்றிச் சிறைப்பட்டபோது, ஐயை கோயிற் கதவு திறவாமல் நின்றது. பாண்டியன் அக்கதவை உடைக்கச் சொல்லவில்லை. அது ஏன் திறக்கவில்லை என்று விசாரித்தான். தவற்றை உணர்ந்து வார்த்திகனை விடுவித்தான். திறவாத கோப்பைக் கண்டால் நாமும் அவ்வாறே முதலில் அனுப்பியவரை விசாரிப்போமாக.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இதனை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி, கணினிக்கு மேலே சுவரில் எழுதி ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அங்கத்தினர் நம்மிடம் ஒப்படைத்த நகைக்குப் பெட்டகம் வைத்திருக்கிறோம். அவர்கள் ஒப்படைத்த விவரத்திற்கும் அந்தக் காவல் உரியது.