டிசம்பர் விடுமுறையில் தமிழ்ப் புத்தகத்துக்கு எங்கே போவது?

குளிர்நாடுகளில் டிசம்பர் வந்தால் பொது நூலகங்கள் களைகட்டும். வெளியே பனி கொட்டும்போது பிள்ளைகள் உள்ளே அமர்ந்து கதை கேட்பார்கள். நமக்குப் பனி இல்லை. மழை உண்டு, நீண்ட பள்ளி விடுமுறையும் உண்டு. 2022 முதல் சில ஆண்டுகள் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கியதால் ஆண்டிறுதி விடுமுறை பிப்ரவரி, மார்ச் பக்கம் நகர்ந்திருந்தது. 2026ஆம் கல்வியாண்டு ஜனவரிக்குத் திரும்பியதும் அந்த விடுமுறை பழையபடி டிசம்பருக்கு வந்துவிட்டது.

போர்ட் கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் தமிழ்க் கதைப்புத்தகம் எங்கிருந்து கிடைக்கிறது? பெரும்பாலும் பள்ளி வள மையத்திலிருந்துதான். பள்ளியை மூடினால் அதையும் மூடிவிடுவார்கள். கடையில் வாங்கலாம், ஆனால் தமிழகத்திலிருந்து கப்பலேறி வரும் புத்தகத்தின் விலை எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது. எஞ்சுவது பொது நூலகம். பள்ளி நாள்களைவிட விடுமுறையில்தான் அதன் தேவை அதிகம்.

சிலாங்கூரில் பொது நூலகங்களை நடத்துவது மாநிலப் பொது நூலகக் கழகம். அதன் தலைமை நூலகமான ராஜா துன் ஊடா நூலகம் 2011 முதல் ஷா ஆலாம் 13ஆவது பிரிவில் இயங்குகிறது. பெரிய, அழகான கட்டடம். ஆனால் போர்ட் கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் போய் ஷா ஆலாமில் இறங்கினாலும் அங்கிருந்து இன்னொரு வாகனம் பிடிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தனியாகப் போய்வர முடியாது. ஆகவே பக்கத்துக் கிளை நூலகம்தான் முக்கியம். நான் அடிக்கடி போகும் கிளையில் தமிழ் நூல்கள் அரை அலமாரி இருக்கும். அதிலும் பெரியவர்களுக்கான நாவல்களே அதிகம். விடுமுறையில் கதை நேரம், வண்ணம் தீட்டுதல், கைவினை எல்லாம் நடக்கின்றன. மலாயில் அல்லது ஆங்கிலத்தில்.

உடனே இதைப் புறக்கணிப்பு என்று சொல்லிவிடலாம். அது பாதி உண்மைதான். நூலகம் எதை வாங்குவது, எந்த நிகழ்ச்சியை நடத்துவது என்று முடிவு செய்யும்போது இரவல் எண்ணிக்கையைப் பார்க்கிறது. தமிழ் நூல் குறைவாக இருப்பதால் நாம் போவதில்லை. நாம் போகாததால் தமிழ் நூல் வாங்கப்படுவதில்லை. கணினியைப் பொறுத்தவரை தமிழ் வாசகர் என்று ஒருவர் கிடையாது.

இந்தச் சுழலை மற்ற இடங்களில் சட்டம் உடைத்திருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழி. தேசிய நூலக வாரியம் நான்கு மொழிகளிலும் நூல்கள் வாங்குகிறது. தமிழகத்தில் எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்களின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. நம்மிடம் இந்த இரண்டும் இல்லை. பன்னாட்டு நூலகச் சங்கமும் யுனெஸ்கோவும் 1994இல் வெளியிட்டு, 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, மொழிச் சிறுபான்மையினருக்குத் தனிச் சேவை வேண்டும் என்கிறது. அதே சங்கத்தின் உலக மாநாடு 2018இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. 2020இல் கோலாலம்பூர் உலகப் புத்தகத் தலைநகரும் ஆனது. (அந்த ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நூலகக் கதவுகளே மூடப்பட்டது நம் நேரம்.) ஆனால் அறிக்கையைக் காட்டி ஒரு கிளை நூலகரிடம் புத்தகம் கேட்க முடியாது. எண்ணிக்கையைக் காட்டிக் கேட்கலாம்.

எண்ணிக்கையை உருவாக்குவது அப்படியொன்றும் கடினமல்ல. ஒரு தாமானில் இருபது பிள்ளைகள் உறுப்பினராகி, இருக்கும் தமிழ் நூல்களை மாற்றி மாற்றி இரவல் எடுத்தாலே பதிவில் தெரியும். வேண்டிய நூல்களின் பெயரை எழுதிக் கொடுக்கலாம். நூலகருக்குத் தமிழ் தெரியாது. பட்டியலில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், கிடைக்கும் கடை எல்லாம் ரூமி எழுத்திலும் இருந்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். இங்கேதான் இருமொழியில் படித்து வந்த நம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்கள் பயன்படுவோம். மலாயில் கடிதம் எழுதவும் தமிழில் கதை சொல்லவும் நமக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் வேண்டாம்: பதாகை கட்டி, பிரமுகரை அழைத்து, படம் எடுத்துக்கொண்டு ஒரே நாளில் முடிந்துபோகும் 'வாசிப்பு விழா'. சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், ஒரு பாய், பத்துப் பிள்ளைகள் போதும். நான்கு வாரம் தொடர்ந்தால் நூலகத்தின் மாத அறிக்கையில் அது ஒரு வரியாக ஏறும்.

இதை டிசம்பரில் போய்க் கேட்டால் தாமதம். விடுமுறை நிகழ்ச்சிகளுக்கான இடமும் நேரமும் அதற்குள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகஸ்டு, செப்டம்பரிலேயே கடிதம் போக வேண்டும். கையெழுத்திட்ட பெற்றோரின் எண்ணிக்கை, பிள்ளைகளின் வயது, நடத்தப் போகிறவர்களின் பெயர்கள், தேவைப்படும் அறை, நேரம் என ஒரே பக்கம் எழுதினால் போதும்.